வாங்கிப் பாட ஆளில்லாத பாட்டு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பத்தரை மணி. பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் வீட்டு ஹாலில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சம்பந்தி. அதியமான்கோட்டைக்காரர். ஹைவே ஓரம் டயர் கடை வைத்திருக்கிறார்.

சம்பந்தியம்மா. கையில் வெற்றிலைத் தட்டு.

மாப்பிள்ளை. போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மகள் செல்வி. காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

அவள் பையன். ஒன்றரை வயது. அவனுக்குத்தான் காதுகுத்து. அதற்குத்தான் தட்டு.

நான்.

பின்னறையில் என் மனைவி மாதம்மாள். அந்த அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் தொழில் தெரியும். மைக் செட். கல்யாணம், திருவிழா, கட்சிக் கூட்டம், சாவு... எல்லா வீட்டையும் பற்றி எழுதியிருக்கிறேன். என் வீட்டைப் பற்றி எழுதியதில்லை. ஏன்? எழுதுகிற மாதிரி நான் நடந்துகொள்ளவில்லை. அவ்வளவுதான்.

மாதம்மாளுக்கு மறதி நோய். தருமபுரி டாக்டர் டிமென்ஷியா என்று எழுதிக் கொடுத்தார். மூன்று வருடம் ஆகிறது. முதலில் குழம்புக்கு உப்புப் போட்டது மறந்தது. அப்புறம் கடைக்குப் போகும் வழி. அப்புறம் நான்.

"ஏனுங்க பெரியவரே, எங்க வூட்டுக்காரரப் பாத்தீங்களா?" என்பாள். என்னிடமே.

"வருவாருங்க" என்பேன். வேறு என்ன சொல்ல?

எல்லாம் போன பிறகு, அந்த ஞாயிறுக்கு நான்கு மாதம் முன்பு, ஒன்று மட்டும் திரும்பி வந்தது. ஒப்பாரி.

காலையில் ஆரம்பிப்பாள். சுவரோரம் உட்கார்ந்து, பக்கத்தில் யாரோ இருப்பது போல இரண்டு கையையும் நீட்டி, ஒரு அடி பாடுவாள். நிறுத்துவாள். சுற்றிப் பார்ப்பாள். மறுபடி அதே அடி. மறுபடி நிறுத்துவாள். நாலாவது தடவை கத்துவாள். சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவாள்.

அடுத்த அடி மறந்துபோய்த் தவிக்கிறாள் என்று நினைத்தேன்.

"நல்ல நாளும் அதுவுமா சாவு வூட்டுப் பாட்டு" என்று தெருவில் ஒருவர் சொன்னார். சொன்னது ஒரே ஒருவர். எனக்குத் தெருவே சொன்ன மாதிரி இருந்தது.

வாரம் ஒரு முறை வரும் நர்ஸம்மாவிடம் கேட்டேன். "பாட்டு கேக்க வையுங்க ஐயா. இவங்களுக்கு நல்லது" என்றார்.

பாட்டா? என் தொழில் அல்லவா! அன்றைக்கே பின்னறையில் இரண்டு ஸ்பீக்கர் மாட்டினேன். காலையில் பக்திப் பாட்டு. பத்து மணிக்கு மேல் பழைய சினிமாப் பாட்டு. அவள் சத்தம் கூடினால் நானும் வால்யூமைக் கூட்டுவேன். நர்ஸம்மா சொன்னது அவளுக்காக. நான் போட்டது தெருவுக்காக.

அப்புறம் தாழ்ப்பாள். வெளியே போய்விடுகிறாள் என்று கேட்டவர்களிடம் சொன்னேன். பாதி உண்மை. ஒரு முறை பஸ் ஸ்டாண்ட் வரை போய்விட்டாள். மீதிப் பாதி... கதவு திறந்திருந்தால் பாட்டு வெளியே கேட்கும்.

சாப்பாடு பாதியானது. ரவிக்கை தோளில் நிற்கவில்லை. "இப்படியே போனா ஆளு தாங்க மாட்டாங்க ஐயா" என்றார் நர்ஸம்மா. வியாதி முற்றுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது சுலபம்.

செல்வி மாதம் ஒரு முறை வருவாள். அன்று மாதம்மாள் பாட மாட்டாள். மகள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அன்று மட்டும் தாழ்ப்பாளும் ஸ்பீக்கரும் இல்லை. எனக்கு அது சௌகரியமாகப் போயிற்று.

ஹாலுக்கு வருகிறேன். சம்பந்தி வீட்டார் முன்னால் பாடிவிடுவாளோ என்று அன்று செல்வியைக்கூடப் பின்னறைப் பக்கம் விடவில்லை.

"எங்கீங்கண்ணா அண்ணி? பாத்துச் சொல்லிட்டுப் போலாமுன்னு வந்தோம்" என்றார் சம்பந்தியம்மா.

"மாத்திரை போட்டுத் தூங்கறா."

பின்னறையில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. சம்பந்தியம்மா அந்தப் பக்கம் பார்த்தார்.

"தூங்கறவங்களுக்கு எதுக்குங்க இத்தனை சத்தமா பாட்டு?"

"பாட்டு இருந்தாத்தான் தூங்குவா" என்றேன். வாய் கூசவில்லை. பழகியிருந்தது.

கரண்ட் போயிற்று.

மைக் செட்காரன் வாழ்க்கையில் கரண்ட் போகாத நாள் உண்டா? மேடையில் போயிருக்கிறது. தாலி கட்டும்போது போயிருக்கிறது. ஆனால் அன்றைக்குப் போன மாதிரி எப்போதும் போனதில்லை. ஃபேன் நின்றது. ஸ்பீக்கர் நின்றது. வீடு அமைதியானது. அந்த அமைதியில் அவள் குரல் மட்டும் வந்தது.

"பனைமேல கொழா கட்டி – என் ராசா
பத்தூரு பாட வெச்ச..."

நிறுத்தினாள்.

மாப்பிள்ளை போனிலிருந்து தலையைத் தூக்கினார். சம்பந்தி வெற்றிலைத் தட்டைப் பார்த்தார். நல்ல காரியத்துக்குத் தட்டு கொண்டுவந்த இடத்தில் ஒப்பாரி. எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன். மகளுக்கு இனி அந்த வீட்டில் என்ன மரியாதை என்றும் நினைத்தேன். உள்ளே இருப்பவளைப் பற்றி நினைக்கவில்லை.

மறுபடி அதே அடி. மறுபடி நிறுத்தினாள்.

சம்பந்தியம்மா தட்டைக் கீழே வைத்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே, கதவைப் பார்த்து, கடைசிச் சொல்லை இழுத்தார்.

"...பாட வெச்ச, என் ராசா..."

உள்ளே அவள் மறுபடி அதே அடியைத் தொடங்கவில்லை.

அப்புறம் வந்தது, நான் நான்கு மாதமாகக் கேட்காத அடுத்த அடி.

"பக்கத்துல இருந்தவள – என் ராசா
பாடாமப் பூட்டி வெச்ச..."

சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார். "மறந்துபோயி நிறுத்தலீங்கண்ணா. வாங்கிப் பாட ஆளு வேணுமில்ல? ஒருத்தி பாடுனா சுத்தி இருக்கறவங்க கடைசியை இழுத்து வாங்கோணும். வாங்கலேன்னா எப்படிங்க அடுத்தது வரும்?"

எனக்குத் தெரியாதா? எத்தனை சாவு வீட்டுக்கு செட் கட்டியிருக்கிறேன்! பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து பாடுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! ஆனால் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்த அளவுக்கு அவர்களைப் பார்க்கவில்லை.

சம்பந்தியம்மா எழுந்து பின்னறைக்குப் போனார். கதவின் முன் நின்றார்.

"தாழ்ப்பாளு வெளிய இருக்குது... இது யாருங்க போட்டது?"

"நான்தான்."

செல்வி காபி டம்ளரை வைத்தாள். "தூங்கறாங்கன்னு சொன்னீங்க அப்பா."

அந்த டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தேன்.

சம்பந்தியம்மா தாழ்ப்பாளை நீக்கி உள்ளே போனார். மாதம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டார். "நீங்க யாரு" என்று மாதம்மாள் கேட்கவில்லை. அவளும் கை போட்டுக்கொண்டாள். அரை மணி நேரம் பாடினார்கள். நான் அறை வாசற்படியில் நின்றேன்.

பாட்டில் செத்தவன் யார் என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். பனைமேல் குழாய் ஸ்பீக்கர் கட்டியவன் எங்கள் தெருவில் ஒருவன்தான்.

சம்பந்தி என் பக்கத்தில் வந்து நின்றார். "உசுரோட நின்னு சொந்த ஒப்பாரியக் கேக்கற யோகம் யாருக்குங்க சம்பந்தி வரும்?" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். நல்ல மனுஷர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செல்வி கேட்டாள். "அம்மா இப்படிப் பாடுவாங்களா? எனக்கு ஒரு தாலாட்டுகூடப் பாடுனதில்லையே..."

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். அவளும் இதைப் படிப்பாள்.

கல்யாணமாகி நாலாவது வருடம். அப்போதுதான் சொந்தமாக செட் வாங்கியிருந்தேன். பக்கத்து ஊரில் ஒரு பெரிய சாவு. என் செட்தான். மாதம்மாளும் மற்ற பெண்களோடு அழப் போயிருந்தாள். யாரோ ஒருவர் மைக்கைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்துவிட்டார். அவள் குரல் என் குழாயில் ஊர் முழுக்கப் போனது. களத்தில் நின்றவர்கள் வேலையை நிறுத்திக் கேட்டார்கள். அவ்வளவு நல்ல குரல்.

மறுநாள் டீக்கடையில் ஒருவன் கேட்டான். "ஏம்ப்பா, செட்டு எடுத்தா ஒப்பாரியும் சேத்தா? இல்ல அதுக்குத் தனியா?"

கடையே சிரித்தது.

நான் அவனிடம் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து அவளிடம் பேசினேன். "இனிமே பாட்டுன்னு வாயத் தெறந்த, அப்பறம் இந்த வூட்டுல இருக்க முடியாது."

ஒப்பாரியைத்தான் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாள். நடவுப் பாட்டு இல்லை. கும்மி இல்லை. பிள்ளை பிறந்தபோது தாலாட்டும் இல்லை. நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. கவனித்திருந்தால், "பாடு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா? தெரியாது. சொல்லியிருப்பேன் என்று எழுதினால் பொய்.

அன்று மத்தியானம் மாதம்மாள் சோற்றுத் தட்டைத் தள்ளவில்லை. சம்பந்தியம்மா ஊட்டவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவரும் சாப்பிட்டார். அவ்வளவுதான்.

கிளம்பும்போது வெற்றிலைத் தட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் தயங்கினேன்.

"இந்த மாதிரி சத்தத்துக்கு நடுவுல..." என்றேன்.

"காது குத்தறது பேரனுக்கு. அவனுக்கு இதெல்லாம் என்னங்க புரியும்? வாங்குங்கண்ணா. அண்ணியையும் கூட்டிக்கிட்டு வரோணும், ஆமா."

வாங்கிக்கொண்டேன்.

"அப்பறம் ஒண்ணு. நான் தெனமும் அதியமான்கோட்டையில இருந்து பஸ் புடிச்சு வர முடியுமா? நீங்க கத்துக்குங்க."

"ஆம்பள ஒப்பாரி பாடறதா?"

"ஏன், ஆம்பளைங்க தாழ்ப்பாளு மட்டுந்தான் போடுவீங்களா?"

மாப்பிள்ளை திரும்பிக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலமே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் தாழ்ப்பாளைக் கழற்றினேன். நாலு ஸ்க்ரூ. ஐந்து நிமிஷ வேலை. வாசல் கேட்டுக்கு மட்டும் ஒரு மணி கட்டினேன். அவள் வெளியே போனால் எனக்குக் கேட்கும். இதை முதலிலேயே செய்திருக்கலாம் அல்லவா? செய்திருக்கலாம்.

ஆனால் பழக்கம் லேசில் விடுமா? சம்பந்தியம்மாவிடம் போனில் கேட்டேன் — வாங்கிப் பாடுவதை ரெக்கார்டு செய்து வாட்ஸப்பில் அனுப்ப முடியுமா என்று. அனுப்பினார். அதை ஸ்பீக்கரில் போட்டேன்! அவள் ஒரு அடி பாடுவதற்குள் ரெக்கார்டு இரண்டு அடி வாங்கிவிட்டது. அவள் குழம்பிப்போய் ஸ்பீக்கரையே பார்த்தாள். ரெக்கார்டு காத்திருக்காது. அவள் நிறுத்தும் இடமும் அதற்குத் தெரியாது.

இத்தனை வருடம் ஊருக்குப் பாட்டுப் போட்டவன் நான். ஸ்பீக்கருக்கு வாய் உண்டு, காது கிடையாது என்பது இந்த வயதில்தான் தெரிகிறது. ஸ்பீக்கரைக் கழற்றி வைத்தேன். ரெக்கார்டை நான் மட்டும் காதில் வைத்துக் கேட்டேன். செட் குடோனில் ஒரு வாரம் தனியாக இருந்து பழகினேன். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அதற்கு அப்புறம் ஒரு வரி மனப்பாடம் செய்ததில்லை. அறுபத்தாறு வயதில் நாக்கு வளைய மாட்டேன் என்கிறது. குரலும் அப்படித்தான். தண்ணீர் புகுந்த குழாய் ஸ்பீக்கர் மாதிரி.

ஒரு நாள் காலை அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் பாடி நிறுத்தினாள். நான் கடைசியை இழுத்தேன். கரகரவென்று வந்தது. தெருவில் யாரோ நின்ற மாதிரி இருந்தது. நிற்கட்டும் என்று விட்டேன்.

அவள் தலையை ஆட்டி அடுத்த அடிக்குப் போனாள்.

இப்போது தினமும் காலையில் பாடுகிறோம். எனக்கு நானே ஒப்பாரி. சில அடியில் புகழ்கிறாள். பல அடியில் திட்டுகிறாள். எல்லாவற்றையும் வாங்க வேண்டும். இதில் பிடித்ததை மட்டும் வாங்குவது கிடையாது. சில நாள் வாங்கத் தடுமாறி நிறுத்திவிடுவேன். அவள் காத்திருப்பாள்.

எல்லா நாளும் நல்ல நாள் என்று சொல்ல மாட்டேன். சில நாள் பாட்டும் இல்லை, சாப்பாடும் இல்லை. என் கையைக் கடித்த நாளும் உண்டு. ஆனால் ரவிக்கை தோளில் நிற்கிறது.

போன வியாழக்கிழமை பாடி முடித்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பரவால்ல, வாங்கறீங்க. எந்த ஊருங்க நீங்க?"

"பாப்பிரெட்டிப்பட்டிங்க."

"எங்க வூட்டுக்காரரும் அங்கதானுங்க. நல்ல மனுஷர்தான்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பாட்டுன்னா மட்டும் ஆவாது அவருக்கு. அவரு வரதுக்குள்ள நீங்க கெளம்பிடுங்க."

"சரிங்க" என்றேன். எழுந்து அடுப்படிக்குப் போய் நின்றேன்.

அவளுக்கு எத்தனை அடி தெரியும் என்று யாரும் எண்ணியதில்லை. எண்ணும்படி நான் விடவில்லை.

எனக்கு இதுவரை பாடமானது பதினொன்று.