வாய்க்கரிசி நேரத்தில் வந்த விளம்பரம்

என் அக்கா நாகப்பட்டினத்தில் இறந்துபோன செய்தி பினாங்கில் எங்களுக்கு விடியற்காலையில் வந்தது. அன்று மதியமே எடுப்பதாக முடிவு செய்துவிட்டார்கள். எந்த விமானத்தைப் பிடித்தாலும் நான் போய்ச் சேர முடியாது.

"அழாதீங்க மாமா, வீடியோக்காரரை வரச் சொல்லியிருக்கேன். டிவியிலயே லைவா பாக்கலாம்" என்றான் அக்கா மகன் போனில்.

எங்கள் தொலைக்காட்சி இணையத்தில் ஓடுவது. கூரைமேல் இருந்த டிஷ் தட்டைக் கழற்றி எறிந்தபோது நான்தான் அதிகம் மகிழ்ந்தேன். மழை வந்தால் படம் போகாது. நினைத்த நேரத்தில் நினைத்ததைப் பார்க்கலாம். அன்றும் அதற்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். அக்காவின் முகம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. மூக்குத்தியைக் கழற்றியிருந்தார்கள். தரையில் உட்கார்ந்து அழுதேன்.

துக்கத்துக்கென்று பத்து காவான் என்ற ஊரிலிருந்து வந்திருந்த என் மனைவியின் தம்பி, சோபாவில் சாய்ந்து கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தார்.

"படம் செம கிளியர் லா. இது எத்தனை இன்ச்சு, மச்சான்?"

அங்கே வாய்க்கரிசி போடத் தொடங்கினார்கள். அக்கா மகள் அரிசியை அள்ளிக் குனிந்தாள். சட்டென்று திரை மாறியது. ஒருத்தி பொரித்த கோழித் தொடையைக் கடித்தாள். அந்த மொறுமொறுச் சத்தம் கூடத்தை நிறைத்தது. எண்ணெய் வழியும் உதடுகள், திரை அளவுக்கு.

"ஐயோ, ஸ்கிப் பண்ணுங்க!" என்று மனைவி ரிமோட்டைத் தேடினாள். தாண்டிப் போகும் பொத்தானே வரவில்லை. அடுத்து ஒரு சோப்பு விளம்பரம். அதுவும் முடிந்தபோது அக்காவைத் தூக்கிவிட்டிருந்தார்கள்.

"கவலைப்படாதீங்க மச்சான், ரிவைண்ட் பண்ணிக்கலாம்" என்று மைத்துனர் பொத்தானை அழுத்தினார். தூக்கியவர்கள் பின்னோக்கி நடந்து வந்து அக்காவை இறக்கி வைத்தார்கள். உதட்டிலிருந்த அரிசி எழும்பிக் கைகளுக்குள் திரும்பிப் போனது. அவர் பக்கென்று சிரித்துவிட்டார்.

எழுந்து போய் வயரைப் பிடுங்கினேன்.

"நல்லதுக்குத்தானே செஞ்சேன்?" என்று முகம் சுளித்தார். கொஞ்ச நேரத்தில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பியும் விட்டார். மனைவி என்னைக் குறை சொல்லவில்லை. சோபாவிலிருந்த கச்சான் தோலைக் கூட்டி அள்ளினாள்.

கருமாதி முடிந்த பிறகுதான் தொலைக்காட்சியை மறுபடி போட்டோம். வரிசையாக நகைச்சுவைத் துணுக்குகள். அவற்றுக்கு நடுவே அக்காவின் முகம். அடியில் சிவப்புக் கோடு. 'தொடர்ந்து பார்க்க' என்றிருந்தது.

"எடுத்துடவா?" என்றாள் மனைவி.

"எடுத்துடு."

எடுத்தாள். அந்த இடம் காலியாக இருக்கவில்லை. யாரோ ஒரு பெரியவரின் இறுதி ஊர்வலம் வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் இன்னொரு வீட்டுச் சாவு. எங்களுக்குப் பிடிக்கும் என்று அதுவே தேர்ந்தெடுத்து வைத்திருந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.