டீயோடு கொடுத்த மாத்திரை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தலையில் புளி மூட்டை சுமந்து, இன்றைக்கு அரூர்ப் பக்கம் சொந்தமாகப் புளிக் கிடங்கு வைத்திருக்கிறேன். பெங்களூருக்கு லோடு போகிறது. எவனிடமும் கைகட்டி நின்றதில்லை. இதைச் சொல்லாமல் எனக்குப் பேச்சே தொடங்காது.

புளித் தூசியில் எனக்குச் சைனஸ் பல வருஷமாக உண்டு. குனிந்தால் நெற்றியும் கன்னமும் கல் கட்டினாற்போல் கனக்கும். மருந்துக்கடையில் கேட்டு ஓர் ஆரஞ்சு மாத்திரையும் ஒரு வெள்ளை மாத்திரையும் பழகிக்கொண்டேன். அட்டையில் உள்ள இங்கிலீஷ் எனக்குப் படிக்க வராது; நிறம்தான் அடையாளம். ஆரஞ்சு தலைக்கு, வெள்ளை மூக்குக்கு என்று நானே முடிவு செய்திருந்தேன்.

கிடங்கில் புளி தட்டிக் கொட்டை எடுக்கும் பெண்களுக்கும் அதே தலைவலி. கேட்டவர்களுக்குக் காலை டீயோடு இரண்டையும் கொடுப்பேன்.

"டாக்டருக்கு எதுக்குக் காசு அழுவறீங்க? நான் இருக்கறன் இல்ல."

"எங்க மொதலாளி ஊசி போடாத டாக்டருங்க" என்று சிரிப்பார்கள். எனக்குப் பட்டம் வாங்கின மாதிரி இருக்கும்.

அவர்களில் ஒருத்தி பன்னிரண்டு வருஷமாக என்னிடம் வேலை செய்கிறவள். காலையில் சாப்பிடாமல்தான் வருவாள். இந்த சீசனில் மூன்று வாரம் தினமும் மாத்திரை வாங்கினாள். ஒரு நாள் தட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். என் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நாலு நாளாகக் கறுப்பாக வெளிக்குப் போகிறதாம். வெட்கப்பட்டு அதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

"வயித்துல ரத்தம் கசியுது. என்ன மாத்திரை சாப்ட்டீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "கடையில வாங்குனதுங்க. எப்பவாச்சும் ஒண்ணு."

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். இரண்டு அட்டையும் என் சட்டைப்பையில் இருந்தன. நான் வாய் திறக்கவில்லை.

"ஒண்ணு ரெண்டுக்கு இப்டி ஆவாதும்மா. உண்மையச் சொன்னாத்தான வைத்தியம் பண்ண முடியும்?"

அவள் அதையேதான் சொன்னாள். ரத்தம் ஏற்ற வேண்டும் என்று பேச்சு வந்த பிறகுதான் என் கை பைக்குள் போனது.

டாக்டரம்மா அட்டைகளைத் திருப்பிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே வகை வலி மாத்திரைங்க. கலர்தான் வேற. வலி கொறையும், ஆனா சேத்துச் சாப்பிடவே கூடாது. அதுவும் வெறும் வயித்துல. யாரு எழுதிக் குடுத்தது?"

"நாந்தாங்க குடுத்தன்."

"இவ்ளோ நேரம் இங்கதான நின்னீங்க?" என்றார். சத்தம்கூடப் போடவில்லை.

அவள் பிழைத்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் மன்னிப்புக் கேட்கத்தான் வார்டுக்குப் போனேன். ஆப்பிள் பையை வைத்துவிட்டு நின்றேன்.

"நீங்களும் அதத்தான முழுங்கறீங்க? டாக்டரம்மாகிட்ட வயித்தக் காட்டிக்கிட்டு வாங்க" என்றாள் அவள். தலையாட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இப்போது அவள் மறுபடி வேலைக்கு வருகிறாள். கடை மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறாள். நான் அதைத் திருத்தவில்லை. தலைவலி என்று யார் வந்தாலும் என் காரில் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன். எவ்வளவு பெரிய மனசு என்று பேசிக்கொள்கிறார்கள். அவளும் அங்கேதான் உட்கார்ந்து புளி தட்டுகிறாள்.