புதியதை மட்டும் வைத்துக்கொள்ளவா?

சம்பளமில்லாத வேலையில் ஒரு வசதி உண்டு: என்ன செய்தாலும் சீட்டைக் கிழிக்க மாட்டார்கள். குடியிருப்போர் சங்கத்து வாட்ஸப் குழுவுக்கு அட்மினாக இருப்பவர்கள், கோயில் கமிட்டி வெப்சைட்டைக் கட்டி மேய்ப்பவர்கள், ‘உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே’ என்று சொந்தக்காரர்களிடம் மாட்டிக்கொண்டவர்கள், நீங்கள் எல்லோரும் என் இனம். உங்களிடம் சொல்ல என்ன வெட்கம் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

காரைக்குடியில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பொறுப்பாளர் நான். அது பிழைப்பு. மற்ற நேரத்தில் ‘கப்பல்காரன் கதிர்’ ரசிகர்களின் ஓவியத் தளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். கதிர் ஒரு பழைய படக்கதை நாயகன். கதை நின்று பல காலம் ஆகிறது. விடாக்கண்டர்களான எங்களைப் போன்ற சிலர் மட்டும் இன்னும் அவனை வரைந்து தளத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். தளத்தை நடத்துவது நானும், தேவகோட்டையில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் பரீதா டீச்சரும். ஆரம்பித்த நாளிலிருந்து பதினோரு வருஷமாக ஒரே மென்பொருளில் ஓடிக்கொண்டிருந்த தளத்தைப் போன வருஷம் புதிய மென்பொருளுக்கு மாற்றினோம். மாற்றினேன் என்று சொல்வதுதான் நியாயம். டீச்சருக்கு இந்தப் பாவத்தில் பங்கில்லை.

கழுத்து வரைக்கும்

கானாடுகாத்தானில் ஓட்டலாக மாறிவிட்ட ஒரு பெரிய வீட்டில், விருந்தினர்களுக்குச் சுற்றிக்காட்டும் வேலை பார்க்கிறார் ராமநாதன் அண்ணன். மத்தியான ஓய்வில் கதிரை வரைவார். எங்கள் பழைய மென்பொருளுக்கு அவருடைய புது செல்போனைப் பிடிக்கவில்லை. படத்தை ஏற்றினால் பாதியில் நின்றுவிடும். கதிரின் தலை வரும், உடம்பு வராது. யார் புகார் சொன்னாலும் ‘அடுத்த மாசம் மாத்திடுறேன்’ என்று ஒன்றரை வருஷமாக ஒரே பதிலைச் சொல்லிவந்தேன்.

ஒருநாள் அவர் பஸ் ஏறிக் கல்லூரிக்கே வந்துவிட்டார். லேப் நிறைய மாணவர்கள். அவர்கள் முன்னால் போனை என்னிடம் நீட்டி, மரியாதை கொஞ்சமும் குறையாமல் சொன்னார்: “தம்பி, கழுத்து வரைக்கும் ஏறியிருக்கு. மிச்சத்த எப்ப ஏத்துவீகன்னு கேட்டுட்டுப் போகலாம்னுதான் வந்தேன்.”

டீச்சர் கேட்ட கேள்வி

இதற்கு மேல் தள்ளிப்போட முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தேன். முந்தின நாள் டீச்சர் போன் செய்து, எல்லாப் படத்துக்கும் நகல் இருக்கிறதா என்றார். இருக்கிறது என்றேன். அது பொய்யில்லை. வாரம் ஒருமுறை என் வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் தானாக நகல் எடுக்கும்படி எப்போதோ செய்துவைத்திருந்தேன். வாரம் தவறாமல் ‘முடிந்தது’ என்று செய்தி வரும். நானும் வாரம் தவறாமல் அதைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்வேன்.

எடுத்த நகலைத் திறந்து பார்க்காதவன் நகலே எடுக்காதவன் என்பது லேப்பில் நான் நடத்தும் முதல் பாடம். பெருமைக்காக டீச்சரிடமும் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர் மறக்கவில்லை. “இருக்குன்னு சொல்றீகளா, தொறந்து பாத்துட்டுச் சொல்றீகளா சார்?”

ஒரு பட்டன்

பார்த்துவிட்டேன் என்று டீச்சரிடம் சொன்னேன். அது முதல் பொய்.

எங்கள் தளத்தில் ஒரு வழக்கம் உண்டு. கதிரின் முதல் கதை ஆனி மாதத்தில் வந்தது. அதனால் ஒவ்வோர் ஆனியிலும் அந்த முதல் அட்டைப்படத்தை ஒவ்வொருவரும் திரும்ப வரைய வேண்டும். புயலில் சிக்கிய கதிர் கரையேறும் காட்சி. போன வருஷத்துப் படமும் இந்த வருஷத்துப் படமும் பக்கம் பக்கமாக நிற்கும்போது, வரைந்தவர் கை எவ்வளவு தேறியிருக்கிறது என்று தெரியும். தலைப்பு ‘கதிர் கரையேறுகிறான்’ என்றே இருக்க வேண்டும், படத்தின் அளவும் மாறக்கூடாது என்று விதி போட்டவன் நான். மீறியவர்களைக் கண்டித்து மெயில் அனுப்பியவனும் நான்தான்.

ஞாயிறு காலை மாற்றம் சிக்கலில்லாமல் நடந்தது. கடைசியில் புதிய மென்பொருள் ஒரு கேள்வி கேட்டது. ஒரே ஆள், ஒரே தலைப்பில், ஒரே அளவில் பல படங்கள் ஏற்றியிருக்கிறார். இவை நகல்களாக இருக்கலாம். புதியதை மட்டும் வைத்துக்கொள்ளவா? கீழே நீளமான பட்டியல். படித்திருந்தால் ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். சாப்பாட்டு நேரம் வேறு. ‘ஆம்’ என்று அழுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். பழைய படங்கள் அத்தனையும் அந்த ஒரு அழுத்தலில் போய்விட்டன. சாயந்திரம் ராமநாதன் அண்ணன் குழுவில் எழுதியிருந்தார்: “முழு ஆளும் ஏறிட்டான் தம்பி. சைட்டும் தொட்டாத் தொறக்குது. ஒங்க கைக்குத் தங்கக் காப்புத்தான் போடணும்.”

அக்காவின் போன்

மறுநாள் விசாலாட்சி அக்கா கூப்பிட்டார். அமராவதிபுதூர்க்காரர். அரசாங்க அலுவலகத்தில் கட்டட வரைபடம் போடும் வேலையில் இருந்தவர். எங்கள் தளத்திலேயே நல்ல கை அவருடையதுதான்; இதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஒன்பது வருஷம் அவர் வரைந்த கரையேறும் கதிரைப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் பென்சிலையே எடுப்பார்கள். அதற்குப் பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. வேலையை விட்டார், வரைவதை விடவில்லை. அடுத்த இரண்டு ஆனியிலும் இடது கையால் வரைந்தார். அலை நடுங்கும், கதிரின் முகம் ஒரு பக்கமாகச் சாயும். ஆனாலும் ஏற்றினார்.

“தம்பி, ஒரு சின்ன விசயம். எம் படத்துல கடைசி ஒண்ணுதான் தெரியுது. மத்ததெல்லாம் எங்குட்டுப் போச்சுன்னு பாக்குறீகளா?” என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தைத் திறந்தேன். இடது கைப் படம் ஒன்று தனியாக நின்றது. என்ன நடந்திருக்கிறது என்று அந்தக் கணமே புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் என் வாய், ‘வேலை இன்னும் முடியலக்கா, ரெண்டு நாள்ல எல்லாம் வந்துடும்’ என்று சொன்னது. இது இரண்டாவது பொய். அவர் நம்பினார். “அவசரமில்ல தம்பி. ஒங்களுக்கு ஆயிரம் சோலி இருக்கும். வந்ததும் ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்.”

ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது

அன்றுதான் முதன்முதலாக அந்த ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து பார்த்தேன். படங்கள் இருந்தன. எல்லாம் தபால்தலை அளவில் இருந்தன. பட்டியலில் காட்டுவதற்காகத் தளம் வைத்திருக்கும் குட்டிப் படங்களை மட்டுமே நகல் எடுக்கும்படி அமைத்திருக்கிறேன். ஒரு வாரம் கூடத் தவறாமல் அது அந்த வேலையைச் செய்திருக்கிறது. பெரிதாக்கினால் கதிர் கட்டம் கட்டமாக உடைந்தான். தளத்துக்கு இடம் வாடகைக்குத் தருபவர்களிடம் கேட்டேன். அழித்ததை மீட்க முடியாது என்றார்கள்.

உடனே உட்கார்ந்து, ‘தவிர்க்க முடியாத தொழில்நுட்பக் காரணங்களால்’ என்று தொடங்கி ஓர் அறிவிப்பு எழுதினேன். எழுதும்போதே கூசியது. இருந்தாலும் டீச்சருக்கு அனுப்பினேன். நான் நகலைத் திறந்தே பார்த்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் போன் செய்து சொன்னார்: “எங்கிட்டப் பொய் சொன்னத அப்பறம் பேசுவோம் சார். அறிவிப்பக் கிழிச்சுப் போட்டுட்டு மொதல்ல அக்காவ நேர்ல போய்ப் பாருங்க. போன்ல சொல்லாதீக.”

அமராவதிபுதூர்

அக்கா வலது கையால் வரைந்த ஒன்பதின் குட்டிப் படங்களையும் ஒரே தாளில் அச்சடித்து எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். அக்கா தம்பி வீட்டில் இருக்கிறார். மடியில் பலகை, இடது கையில் பென்சில், எதிரே ஸ்டூலில் சாய்த்துவைத்த டேப்லட். தினமும் காலையில் பழைய படம் ஒன்றைத் திரையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்து இடது கையால் வரைவாராம். வலது கைக்குத் தெரிந்திருந்ததை இடது கைக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் போனபோது திரையில் எங்கள் தளம் திறந்திருந்தது. அதில் அந்த ஒரு படம்தான்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பட்டன், பட்டியல், பசி, இரண்டு பொய், எதையும் விடவில்லை. தாளில் வரைந்த மூலம் இருக்குமே அக்கா என்று கடைசியில் கேட்டேன். “அலமாரியோட எல்லாத்தையும் பழைய பேப்பருக்குப் போட்டாச்சே தம்பி. ‘காகிதத்தைக் கரையானுக்கு வளர்க்காதீர்கள், இங்கே வைத்தால் பத்திரம்’னு நீங்கதான முன்பக்கத்துல எழுதியிருந்தீக?” என்றார். எழுதியிருந்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று அந்த வாக்கியத்தை நானே இரண்டு மூன்று தடவை படித்து ரசித்திருக்கிறேன்.

குட்டிப் படங்கள் இருந்த தாளை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். எட்டத்தில் பிடித்துப் பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. தம்பி மனைவி கொண்டுவந்த காப்பியை என் பக்கம் நகர்த்திவைத்துவிட்டுச் சொன்னார்: “எனக்கும் அப்படி ஒரு கை இருந்துச்சுன்னு காட்ட, அது ஒண்ணுதான் தம்பி இருந்துச்சு.”

ஆனி மாதம்

திரும்பி வந்து, நடந்ததை நடந்தபடி என் பெயரைப் போட்டுக் குழுவில் எழுதினேன். முன்பக்கத்து வாக்கியத்தை எடுத்தேன். மற்றவர்கள் தங்கள் போனிலும் அலமாரியிலும் இருந்ததைத் தேடி எடுத்து மறுபடி ஏற்றிக்கொண்டார்கள். அக்காவின் ஏழாவது வருஷத்துப் படத்தைத் தன் போனின் முகப்பில் வைப்பதற்காக ராமநாதன் அண்ணன் எப்போதோ முழு அளவில் இறக்கி வைத்திருந்தார். அது ஒன்று கிடைத்தது. பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வலது கைப் படங்களில் மிச்சம் எட்டும் போனது போனதுதான். விலகிக்கொள்கிறேன் என்று டீச்சரிடம் சொன்னதற்கு, வேறு ஆள் கிடைக்கும்வரை இருங்கள் என்றார். வேறு ஆள் கிடைக்கவில்லை.

இந்த ஆனியில் முதல் ஆளாக அக்காதான் ஏற்றினார். இடது கைப் படம், மூன்றாவது. அலை முன்போல நடுங்கவில்லை. அதைப் பார்த்து ஆறுதல் அடையும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஏற்றிய கையோடு அவரே போன் செய்தார். ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போலத் தயங்கித் தயங்கிப் பேசினார்: “படத்த ஏத்திட்டேன் தம்பி. ஆனா இந்தத் தடவ தாளயும் வீட்லயே வச்சுக்கிட்டேன். தப்பா நெனச்சுக்காதீக.”

தளத்தைக் காப்பாற்றி வருபவன் நான்தான் என்று பதினோரு வருஷமாக எல்லோரிடமும் சொல்லிவந்தேன். என்னிடமிருந்து தங்கள் படங்களைக் காப்பாற்றிக்கொள்ள எல்லோரும் ஒரே வருஷத்தில் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.