ஏழாம் எண் வீட்டுக் கதவு

ராணுவப் பயிற்சித் திடலில் அவரைக் கதவண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். சிப்பாய்கள் உடைக்கிற கதவுகளைத் திரும்ப மாட்டுவது அவர் வேலை. வாரம் முழுக்க அவர்கள் உடைப்பார்கள். வெள்ளியும் சனியும் இவர் மாட்டுவார். எந்தத் தச்சனுக்கும் இப்படி ஒரு நிரந்தர வாடிக்கை வாய்த்திருக்காது என்று கான்ட்ராக்டர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கதவண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பார்.

சிரிக்க முடியாத சங்கதி ஒன்று அதில் இருந்தது. அந்தத் திடலில் நிற்பவை பயிற்சிக்கென்று கட்டிய வீடுகள் அல்ல. ஆட்கள் பிள்ளைகுட்டிகளோடு குடியிருந்த வீடுகள். சுவரில் வெள்ளைச் சாயத்தால் ஏழு என்று எழுதியிருக்கிறதே, அது கதவண்ணனின் சொந்த வீடு.

முதலில் வந்தது விமான ஓடுதளம். பிறகு அதிகாரிகள் குடியிருப்பு வந்தது, அதன் பின்னால் துப்பாக்கி சுடும் மைதானம். ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் ராணுவத் தளத்துக்கு ஒரு சுற்று இடுப்பு பெருத்துக்கொண்டே போனது. மூன்றாம் கட்ட விரிவாக்கத்துக்குப் பணம் ஒதுக்கியபோது கம்பிவேலி இவர்கள் தெருவையும் விழுங்கிவிட்டது. அதைச் சொல்ல வந்த அதிகாரி அதட்டவில்லை, மிரட்டவில்லை. செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, நாட்டின் பாதுகாப்பு என்றார், இது தற்காலிக ஏற்பாடுதான் என்றார், தேவை முடிந்ததும் வீடுகள் உரியவர்களுக்கே திரும்பிவிடும் என்றார். கத்துகிறவனோடு மல்லுக்கு நிற்கலாம். இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவனை என்ன செய்வது? தெரு மொத்தமும் தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றியது.

ஊருக்குள் புகுந்து சண்டை போடப் பழகுவதற்கு ராணுவத்துக்கு ஒரு மாதிரித் தெரு வேண்டியிருந்தது. புதிதாகக் கட்ட நிதியில்லை. காலி வீடுகள் கண்ணெதிரே நிற்கும்போது கட்டுவானேன் என்று எந்தப் புண்ணியவானோ யோசனை சொல்லிவிட்டான். அப்படித்தான் இவர்கள் படுத்துறங்கிய அறைகளுக்குள் பூட்ஸ் கால்கள் ஓடத் தொடங்கின.

கதவு மாட்ட ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாகப் போய் நின்றவர் கதவண்ணன்தான். வீட்டுக்குப் பதிலாக ஒதுக்கிக் கொடுத்த மாடிக் குடியிருப்பில் பழைய தெருக்காரர்கள் அவரை முகத்துக்கு நேரே ஏசினார்கள். தன் வீட்டுக் கதவை உதைக்கிறவனிடமே கூலிக்குப் போகிறானே, இவனுக்கு மானம் ரோஷம் கிடையாதா என்றார்கள். அவர் மனசில் இருந்த கணக்கு வேறு. திருப்பித் தருகிற நாள் என்று ஒன்று வந்தால், திருப்பித் தர வீடு நிற்க வேண்டாமா? ஆள் பார்க்காத வீடு இரண்டு மழைக்குத் தாங்காது. வாரா வாரம் போனால் விரிசலைப் பூசலாம், கூரை ஓட்டைச் சரி செய்யலாம். மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அவர் வேலையில் சேர்ந்தார்.

அவர் மனைவி ஒருநாளும் உட்கார்ந்து அழவில்லை. கேட்பாள், அவ்வளவுதான். சனிக்கிழமை சாயங்காலம் அவர் வந்து கை கால் கழுவும்போதே, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற சொந்தக்காரரை விசாரிப்பதுபோல், வீடு எப்படி இருக்கிறது என்று கேட்பாள். விசாரணை கடைசியில் சமையலறைப் பலகையில் போய் முடியும்.

அந்தப் பலகை ஒரு பெரிய கதை. கல்யாணமான புதிதில் டப்பாக்கள் வைக்க அவர் அடித்துக் கொடுத்தது. ஊராருக்கெல்லாம் அளவு பார்த்துச் செய்கிற மனிதர், கட்டிய பெண்டாட்டியின் உயரத்தைக் கோட்டை விட்டுவிட்டார். தன் கைக்கு எட்டுகிற மாதிரி அடித்துவிட்டார். அவள் முக்காலி போட்டு ஏறித்தான் உப்பு எடுக்க வேண்டும். ஏறும்போது ஒரு திட்டு, இறங்கும்போது ஒரு திட்டு. அவரும் நாளைக்கே இறக்கிவிடுகிறேன் என்று ஆயுசு முழுக்கச் சொன்னார். அந்த நாளை வருவதற்குள் வேலி வந்துவிட்டது. மாடி வீட்டில் பலகை சரியான உயரத்தில் இருந்தது, யாரையும் திட்ட வழியில்லை. அதுவே அவளுக்குப் பெரிய குறையாகிவிட்டது.

ஒருமுறை, ஆள் இல்லாத வீட்டில்தானே நிற்கிறேன், இந்த வாரம் பலகையை இறக்கிவிடட்டுமா என்று கேட்டார்.

“வேணாங்க,” என்றாள். “நாம திரும்பிப் போனப்புறம் என் கண்ணு முன்னாடி இறக்குங்க. இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தினவ நான். நான் பாக்க வேணாமா?”

பயிற்சிக் கதவில் ஒரு சூட்சுமம் உண்டு. கதவு லேசான மரம். தாழ்ப்பாள் விழுகிற இடத்தில் நிலையில் ஒரு மெல்லிய மரக்கட்டை மட்டும் இருக்கும். உதைத்தால் அந்தக் கட்டை முறியும், கதவு திறந்துகொள்ளும், நிலைக்கும் சுவருக்கும் சேதம் இருக்காது. புதுக் கட்டை வைத்தால் தீர்ந்தது. ஆனால் வருஷக்கணக்கில் உதை வாங்கினால் எந்த நிலைதான் அசையாது? ஏழாம் எண் வீட்டின் வாசல் நிலை ஆட்டம் காண ஆரம்பித்தது. வாசல் பொருந்திய சுவருக்கு மறுபக்கம்தான் சமையலறை. விரிசல் ஒன்று கிளம்பிப் பலகையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. பூசினார், மறுவாரம் வாயைப் பிளந்தது. மறுபடி பூசினார்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. மகளுக்குக் கட்டில் செய்ய எடுத்து வைத்திருந்த வைரம் பாய்ந்த பலகைகளை இறக்கினார். மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்து இழைத்தார். குறுக்குச் சட்டங்கள், உள்ளே இரும்புப் பட்டை, நிலையோடு சேர்த்து முடுக்கப் பெரிய திருகுகள் என்று, உதைக்கு மசியாத ஒரு கதவைச் செய்தார். பையன்கள் உதைப்பார்கள், கால் வலிக்கும், சலித்துக்கொண்டு எட்டாம் எண்ணுக்குப் போய்விடுவார்கள். சிப்பாய்களின் சோம்பேறித்தனத்தின் மேல் அவருக்கு அப்படியொரு நம்பிக்கை. மனைவியும் ஒரு பழைய துணியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, கதவுக்கு எண்ணெய் தேய்த்துக் கொடுத்தாள். அன்றைக்கு இரண்டு பேரும் வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை அதை ஏழாம் எண் வாசலில் மாட்டிவிட்டு வந்தார். அடுத்த வாரமே பார்த்துத் தலைமையகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். பயிற்சித் திடலுக்கு அடுத்த கட்ட நிதி கொடுக்கலாமா என்று பார்த்து முடிவு செய்கிறவர். மாற்றுக் கதவுகளோடு தயாராக நிற்கச் சொல்லிக் கான்ட்ராக்டர் கதவண்ணனையும் வரவழைத்திருந்தார்.

சிப்பாய்கள் ஏழாம் எண்ணை உதைத்தார்கள். கதவு அசையவில்லை. இன்னொருவன் ஓடி வந்து உதைத்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். தோளால் மோதினார்கள், இருவராக மோதினார்கள். கதவண்ணனுக்கு உள்ளுக்குள் உச்சி குளிர்ந்தது. போங்கடா, எட்டாம் எண்ணுக்குப் போங்கடா என்று மனசுக்குள் விரட்டினார். அப்போது பெரிய அதிகாரி முதல்முறையாக முகம் மலர்ந்து, நிஜமான ஊரில் கதவு இப்படித்தான் இருக்கும், இதுவரை நீங்கள் உடைத்ததெல்லாம் பொம்மைக் கதவு என்றார். வெடி வைத்துத் திறக்கச் சொன்னார்.

பயிற்சி அதிகாரி கதவண்ணனைத் திரும்பிப் பார்த்தார். “அண்ணே, இந்தக் கதவு நீங்க செஞ்சதா?”

“ஆமாங்க.”

“பிரமாதம்.”

இது என் வீடு என்று சொல்ல வேண்டும். சொன்னால் இந்த வேலை போகும், வேலை போனால் வேலிக்கு உள்ளே கால் வைக்க முடியாது. அவர் சுவரைக் காட்டினார். “சார், சுவர் ரொம்பப் பழசு. தாங்காது.”

“தாங்கலேன்னா என்னண்ணே,” என்றார் பயிற்சி அதிகாரி, ஆறுதல் சொல்வதுபோல. “உள்ள யார் குடியிருக்கா?”

எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார்கள். அவரும் தள்ளி நின்றார். சத்தம் கேட்டது, புழுதி எழுந்தது. புழுதி அடங்கியபோது கதவு நிலையோடு பெயர்ந்து தரையில் மல்லாந்து கிடந்தது. அதற்கு ஒன்றுமே ஆகவில்லை. சுவர்தான் போயிருந்தது. தெருவில் நின்றபடியே சமையலறையின் அடுத்த பக்க ஜன்னலைப் பார்க்க முடிந்தது. பலகை இடிபாட்டுக்கு அடியில் எங்கேயோ இருந்தது.

அதற்கு மேல், அந்த வாரத்துக்குள்ளேயே, எல்லாம் மளமளவென்று நடந்தது. நிதி கிடைத்துவிட்டது. திடலின் வாசலில் புதுப் பெயர்ப்பலகை வந்தது. அதில் ‘நிரந்தரப் பயிற்சி மையம்’ என்று எழுதியிருந்தது. தற்காலிகம் என்ற பேச்சையே அப்புறம் யாரும் எடுக்கவில்லை. எல்லா வீடுகளுக்கும் ஏழாம் எண் கதவு மாதிரியே வேண்டும், மாதா மாதம் வேண்டும், கதவண்ணனே செய்யட்டும் என்று உத்தரவு. உனக்கு அடித்தது யோகம் என்று கான்ட்ராக்டர் முதுகில் தட்டினார். மாட்டேன் என்றால் வேறு தச்சன் வருவான், அவ்வளவுதானே. கதவண்ணன் தலையை ஆட்டினார்.

விழுந்த சுவரைச் சிமெண்ட் கல்லால் எழுப்பினார்கள். உள்பக்கம் ஒரு பலகை இருந்தது, அதையும் அடித்துவிடலாமா என்று அவர் பட்டும் படாமலும் கேட்டுப் பார்த்தார். கான்ட்ராக்டர் அவரை விநோதமாகப் பார்த்தார். வரைபடத்தில் இல்லாததற்கு யார் பணம் கொடுப்பார்கள், சண்டை போட வருகிறவன் உப்பு டப்பாவா வைக்கப்போகிறான் என்று கேட்டார்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவர் குனிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது மனைவி துண்டோடு வந்து நின்றாள்.

“கதவு தாங்குச்சாங்க?”

“கதவுக்கு ஒரு கீறல்கூட விழல.”

பொய் இல்லை. அவள் முகம் மலர்வதைப் பார்க்கத் துணியாமல் அவர் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. குழாயை மூடாமல் கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவினார்.

“பலகை?”

“அப்படியேதான் இருக்கு.”

“ஒசரத்துலயே இருக்கட்டும்,” என்றாள். “கை வெச்சிடாதீங்க.”

உள்ளே போனவள் எண்ணெய்ப் புட்டியோடு திரும்பி வந்தாள். கதவு வெயிலில் நிற்கிறதே, போகும்போதெல்லாம் ஒரு கை தேய்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிக்கொண்டே, அவருடைய கருவிப் பையைத் திறந்து உளிகளுக்கு நடுவே புட்டியைச் சாயாமல் பார்த்து வைத்தாள். அவர் சரி என்றார்.