வெள்ளைக் கம்பி

அகிஹபாரா மின்சாமான் கடைத்தெருவில், ரயில் பாலத்துக்கு அடியில் கியோஹாருவின் கடை. ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நின்றுதான் ஆக வேண்டும். ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு ஏற்ற கேபிளைத் தேர்ந்து, வெட்டி, பற்றவைத்துக் கொடுப்பது அவர் பிழைப்பு. எதிரே நூடுல்ஸ் கடையில் வேலை பார்த்த மிட்சுயோவைக் கட்டிக்கொண்டதே அவள் குரலுக்காகத்தான். தலைக்கு மேல் ரயில் தடதடத்தாலும் அவள் குரல் தெருக்கோடிவரை போகும்.

அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். அதற்கு முன் குரலைப் பதிந்து வைத்தால், பிறகு கைபேசியைத் தொட்டுப் பேசிக்கொள்ளலாமாம். கூடம் வைத்திருந்த ஹனவா ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சும்மாவே கொடுத்தார். ஒரு மைக் போதும் என்று அவர் சொல்லியும் கியோஹாரு கேட்கவில்லை. ஒன்று சொதப்பினால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு வைக்கச் சொன்னார். அதில் ஒரு மைக்குக்கு, கடையிலிருந்த கேபிளிலேயே உசத்தியானதை எடுத்துப் புதிதாக ஒன்று செய்யவும் உட்கார்ந்தார்.

கேபிளுக்குள் வெள்ளை, நீலம் என்று இரண்டு கம்பிகள். ஜப்பானியக் கூடங்களில் முன்பெல்லாம் வெள்ளையை, செருகியில் உள்ள மூன்று முட்களில் மூன்றாம் முள்ளில் பற்றவைப்பார்கள். பிற்பாடு ஊர் உலகத்தோடு இரண்டாம் முள்ளுக்கு மாறினார்கள். கியோஹாருவும் மாறினார், கைதான் முழுசாக மாறவில்லை. ஒரு முனையைச் சரியாக இரண்டாம் முள்ளில் முடித்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன்: ஆபரேஷன் திங்கட்கிழமையே. திரும்பி வந்து, எங்கோ பார்த்தபடி, மறுமுனையில் வெள்ளையை மூன்றாம் முள்ளில் பற்றவைத்தார். ஊரார் கேபிளையெல்லாம் சோதிப்பவர், சொந்தப் பெண்டாட்டிக்குச் செய்ததைச் சோதிக்கவில்லை. என்ன சொல்லித் திட்டுவது அந்த மனுஷனை?

ஞாயிறன்று மிட்சுயோ வீட்டில் தினமும் பேசுவதையெல்லாம் பேசினாள். குளிக்கக் கூப்பிட்டாள், குடையை மறந்ததற்கு ஏசினாள். அவர் சாயங்காலம் வாசலில் "வந்துட்டேன்" என்றதும் உள்ளிருந்து சொல்லும் "வந்துட்டீங்களா"வையும் சொன்னாள்.

ஒரு காதுக்கு ஒரு மைக்காக ஹெட்போனில் கேட்டபோது அவருக்குக் கண் கலங்கியது. "ரெண்டு பக்கமும் நீதான் நிக்கிற, பாட்டுக்காரி தோத்தா போ," என்றார்.

"இருக்கறப்ப ஒரு நாள் காது குடுத்துக் கேட்டதில்ல. இப்ப மட்டும் என்னவாம்?" என்றாள்.

குரல் அப்படி விரிந்து கேட்டால் கம்பி மாறியிருக்கிறது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். அன்று அது மண்டையில் ஏறவில்லை, அவர் செய்த கேபிளாயிற்றே என்று ஹனவாவும் சந்தேகப்படவில்லை. கைபேசிக்காக இரண்டு மைக்கையும் ஒன்றாக்கியே பதிந்தார்கள். நேரும் தலைகீழுமாக இருந்த ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிட்டன. மீட்கத் தனித்தனிப் பதிவு எதுவும் இல்லை.

ஆபரேஷன் முடிந்தபின் ஆஸ்பத்திரியில்தான் முதன்முதலாகக் கேட்டார்கள். சைக்கிள் டியூபில் காற்று இறங்குவதுபோல் ஒரு மூச்சு, நாற்காலி கிறீச்சிடும் சத்தம். அவ்வளவுதான் மிஞ்சியது.

"ஒரு கம்பிய மாத்தி வச்சுட்டேன், மிட்சுயோ," என்றார்.

அவள் உதடு அசைந்தது. திட்டினாளா, தேற்றினாளா என்று அவருக்குப் புரியவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்கவும் வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அவள் அதை அழிக்கவில்லை. சாயங்காலம் அவர் "வந்துட்டேன்" என்றால் உள்ளே கைபேசியைத் தொடுவாள். அந்தக் காற்று வரும். சில நாள் பொறுத்துப் பார்த்தார். இப்போது செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போகிறார்.