குஞ்சம்மாள் காட்டில் அடித்த முளை

பூலாம்பாடிக்கு மேற்கே, மக்காச்சோளக் காட்டை ஒட்டிய ஒற்றை வீடு குஞ்சம்மாளுடையது. பிறந்தது செந்துறைப் பக்கம், கட்டிக்கொடுத்து இங்கே வந்தவள். புருஷன் அரியமுத்து போய்ச் சேர்ந்த பிறகும் காட்டைக் குத்தகைக்கு விடவில்லை. ஆடுகள், ஒரு கறவை மாடு, வெள்ளிக்கிழமையானால் செல்லியம்மன் கோயில் என்று காலம் ஓடியது. அவள் யாரையும் அதட்டிப் பேசி அக்கம்பக்கத்தார் கேட்டதில்லை.

அவளுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்து, பேர் வைக்கும் முன்பே கண்ணை மூடிவிட்டது. பச்சைப்பிள்ளையைப் புதைத்த இடத்தைப் பெற்றவளுக்குக் காட்டும் வழக்கம் அவர்கள் சனத்தில் இல்லை. காட்டினால் அடுத்த கரு தங்காது என்பார்கள். அரியமுத்துவும் அவன் தம்பி பாவாடையும்தான் துணியில் சுற்றி எடுத்துப்போனார்கள். திரும்பி வரும்போது இருவர் கையிலும் வேப்பிலை இருந்தது. காட்டில் வேப்பமரம் ஒன்றுதான். பிள்ளை அதனடியில்தான் என்று குஞ்சம்மாள் மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். அப்படியும் அடுத்த கரு தங்கவில்லை.

அது முதல் அந்தி தவறாமல் அந்த மரத்தடியில் ஒரு அகல் எரிந்தது. கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது முந்தானை நுனியை ஏதோ லேசாகப் பிடித்து இழுக்கும். குனிந்து பார்த்தால் முள்ளும் இருக்காது, வேரும் இருக்காது. அவள் பயந்ததில்லை. “வரேன் தாயி, நாளைக்கி வரேன்” என்பாள். பிடி விட்டுவிடும்.

இந்த ஐப்பசியில்தான் கரண்டு லைனுக்கு வழி பார்க்க ஆட்கள் வந்தார்கள். வேப்பமரத்தடியிலேயே சிவப்பு பெயின்ட் அடித்த முளையை அடித்தார்கள். குஞ்சம்மாள் ஓடிப்போய் நின்றாள்.

“இங்க எதுக்கு பாப்பா இன்னொரு லைனு? எங்க வூட்ல எரியறது ஒத்த பல்பு.”

இன்ஜினியர் பிரவீணா சிரித்துவிட்டாள். “உங்க வீட்டுக்கு இல்லம்மா. இன்னும் பதினஞ்சு இருபது வருஷத்துல நாட்டுக்கு எவ்ளோ கரண்டு வேணும்னு இப்பவே கணக்குப் பாத்து வழி போடறோம். தெக்க காத்துலயும் வெயில்லயும் எடுக்கற கரண்டு வடக்க போகணும்ல? இனிமே பொறக்கப் போற புள்ளைங்களுக்குன்னு வச்சுக்கங்களேன்.”

“பொறக்கப் போறதுக்கு வழி பாக்கறீங்க. பொறந்து போனது ஒண்ணு இங்க கெடக்குதே” என்று குஞ்சம்மாள் மரத்தடியைக் காட்டினாள்.

பிரவீணா மரத்தடியில் இருந்த அகலைக் குனிந்து பார்த்தாள். பிறகு, “கோடு மாறாதும்மா. டவரைக் கோட்டு மேலயே முன்ன பின்ன தள்ளலாம்” என்று முளையைப் பிடுங்கச் சொல்லி, ஓடைக்கரைப் பக்கம் கருவேல மரம் மண்டிய மேட்டில் அடிக்கச் செய்தாள். குஞ்சம்மாள் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மறுநாள் அந்த மேட்டுப் பக்கம் ஆடுகள் போகவில்லை. தினமும் காய் பொறுக்கித் தின்ற இடம்தான். முளைக்கு எட்ட நின்று, தரையையே பார்த்தன. குஞ்சம்மாள் கிட்டே போனாள். காதோரம் ஒரு ரீங்காரம். கம்பி ஒன்றும் இழுக்கவில்லையே! முளையைத் தொட்டாள். சத்தம் மண்ணுக்குள்ளிருந்து ஏறிக் கைவழியே வந்தது. பசிக்கு அழுது அழுது ஓய்ந்த பிள்ளை முனகுவதுபோல இருந்தது.

எறையூரில் கரும்பு வெட்டப் போயிருந்த பாவாடை, முளை ஓடை மேட்டுக்கு மாறிய சேதி கேட்டு பஸ் ஏறி வந்தான். வந்தவன் வாசலில் தண்ணீர்கூட வாங்கவில்லை.

“யாரைக் கேட்டு அண்ணி அங்க தள்ளச் சொன்னீங்க?”

“மரத்தடியில புள்ள இருக்குதே கொழுந்தனாரே.”

“மரத்தடியில ஒண்ணுமே இல்ல. குளிச்சிட்டு வரப்ப வழியில தழை ஒடிச்சோம், அவ்ளோதான். புள்ளைய அந்த ஓடை மேட்லதான் வச்சோம். சொல்லக் கூடாதுன்னு அண்ணன் தலையில அடிச்சு சத்தியம் வாங்குச்சு.”

குஞ்சம்மாள் ஓடை மேட்டைப் பார்த்தாள். தன் பிள்ளை மேல் தானே டவரைத் தூக்கி வைக்க வழி செய்திருக்கிறாள். பிறகு வேப்பமரத்தின் பக்கம் திரும்பினாள்.

“அப்ப இத்தன வருசமா என் முந்தானைய இழுத்தது யாரு?”



அன்று அந்தியில் அகலோடு போனாள். கும்பிட்டு முடித்து, “நீ யாரு?” என்று கேட்டாள். காற்றே இல்லை. முந்தானை இறுகியது. எப்போதும்போல ஒரு கைப்பிடி இல்லை, இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு தொங்குகிற கனம். “வரேன் தாயி” என்று சொல்லியும் விடவில்லை. “உன்னைத் தோண்ட வுட மாட்டேன்” என்ற பிறகுதான் விட்டது.

காலையில் பிரவீணாவைக் கூட்டிப்போய், டவருக்கு அதே கோட்டில் இருக்கும் தன் கிணற்றடிக் கருமண்ணைக் காட்டினாள்.

“இது உங்க நல்ல மண்ணாச்சேம்மா. நடுக்காட்டுல டவர் வந்தா உழவு ஓட்ட முடியாது. கம்பிக்குக் கீழ வர்ற அந்த வேப்பமரத்தையும் வெட்டத்தான் செய்வாங்க.”

“மரத்தை வெட்டிக்கட்டும். அந்த ரெண்டு எடத்துலயும் மண்ண மட்டும் தொட வேணாம்.”

“காகிதத்துல இருக்கற வரைக்கும்தாம்மா மாத்தலாம். அப்பறம் வந்து கேட்டா முடியாது.”

“கேக்க மாட்டேன்.”

மக்காச்சோளத்துக்கு நடுவே முளை இறங்கியது. பாவாடைக்குப் பொறுக்கவில்லை. “நம்ம புள்ளைக்குன்னா சரி அண்ணி. அது யார் புள்ளையோ, என்னவோ!”

“யாருதா இருந்தா என்ன? என்னைத் தாயின்னு நம்பிப் புடிச்சிருக்கு.”

ஓடை மேட்டில் பழைய முளையைப் பிடுங்கிய இடத்தில் சிறு ஓட்டை தெரிந்தது. குஞ்சம்மாள் அதன் எதிரே மண்டியிட்டு, பெற்ற பிள்ளைக்கு முதல் முறையாகத் தன் கையால் மண் போட்டாள். ஒரு பிடி போதும்போல இருந்த ஓட்டை அது. அவள் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டேயிருந்தாள். பசித்த பிள்ளை வாங்கிக்கொள்வதுபோல மண் உள்ளே போய்க்கொண்டேயிருந்தது.