அள்ளு, தள்ளு, முள்ளு

எங்கள் வீட்டுக்கு டிராக்டர் வந்த மார்கழியில், பேரிகைச் சந்தைக்குப் போகிறவர்கள்கூட வழியை மாற்றிக்கொண்டு எங்கள் களத்தைச் சுற்றிப் போனார்கள். வண்டி சின்னதுதான். சாம்பல் நிறம், எங்கள் வண்டிமாட்டைவிடக் கொஞ்சம் உயரம். பெங்களூரிலிருந்து லாரியில் வந்து இறங்கியபோது, அதைத் தானே செய்து முடித்தவர்போலச் சித்தப்பா சுற்றிச் சுற்றி வந்தார். பெங்களூரில் ஏதோ ஒரு தொழிற்சாலையில் சில காலம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர் அவர். இரும்பில் செய்த எதுவும் தன் சொந்தக்காரன் என்று நினைப்பார்.

அந்த டிராக்டருக்கு முன்பக்கம் இரண்டு இரும்புக் கைகள் இருந்தன. நெம்புகோலைத் தொட்டால் அவை மேலே எழும், இறங்கும். கைகளின் நுனியில் வேலைக்குத் தகுந்தபடி ஒன்றை மாட்டிக்கொள்ளலாம். மண்ணை வாரியெடுக்கும் அகலமான தொட்டி ஒன்று, மேட்டைத் தள்ளிச் சமன் செய்யும் வளைந்த தகடு ஒன்று, கல்லையும் வைக்கோலையும் குத்தித் தூக்க நீளமான பற்கள் உள்ள முள் ஒன்று என்று மூன்றும் லாரியில் வந்திருந்தன. அவற்றின் ஆங்கிலப் பெயர்கள் சித்தப்பா வாயில் மட்டும்தான் நுழைந்தன. வேலையாட்கள் அன்றைக்கே அள்ளு, தள்ளு, முள்ளு என்று பெயர் வைத்துவிட்டார்கள். அப்பாவும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்.

வண்டியோடு ஒரு ஃபிட்டரும் வந்திருந்தார். மைசூர்ச் சீமைக்காரர், பேச்சில் கன்னடம் கலந்து வரும். மூன்றையும் மாட்டிக் காட்டிவிட்டு, நாங்கள் வைத்துக்கொள்ளும் ஒன்று போக மற்ற இரண்டையும் திருப்பி எடுத்துப்போவது அவர் வேலை.

"நோடி சாமி, சின்ன வண்டி இது. மூணும் வெச்சு என்ன பண்றது? எல்லா வேலைக்கும் ஆகற மாதிரி ஒண்ணு பாத்து எடுத்துக்குங்க. தப்பா எடுத்தா அது சும்மா கொட்டாயில கெடக்கும்" என்றார்.

எல்லா வேலைக்கும் ஆகிற ஒன்று எது என்பதில் எங்கள் வீடு இரண்டு நாள் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஏரி வண்டலை வயலுக்கு ஏற்ற வேண்டும், எருக்குழியை வாரிக் கொட்ட வேண்டும் என்பதால் அள்ளுதான் சரி என்றார் அப்பா. எங்கள் நிலத்தில் மண்ணைவிடக் கல் அதிகம், ஆகவே முள்ளு என்றார் சித்தப்பா. கடைசியில் மூன்றையும் கல்லு மேட்டில் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவானது.

கல்லு மேடு ஏரிக்கரைக்குப் பின்னால் இருந்தது. அந்த வருஷம்தான் அதைச் சுற்றி அப்பா கள்ளிவேலி போட்டிருந்தார். மேட்டுக்கு அந்தப் பக்கம், எங்கள் நிலத்தில் காலங்காலமாக வேலை செய்தவர்களின் தெரு. பாம்பு இருக்கிறது என்று எங்களை அங்கே விடமாட்டார்கள். பனி இறங்கும் காலையில் தூரத்திலிருந்து பார்த்தால், மேடு முழுக்க யாரோ குந்தி உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். வெயில் ஏறிய பிறகு அவை முழங்கால் உயரக் கற்கள் என்று தெரியும். அப்போது எனக்கு ஆறு வயது. வெயில் வந்ததும் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள் என்றும், அவர்களுடைய இடத்தைப் பிடித்து வைக்கத்தான் கற்களைப் போட்டுவிட்டுப் போகிறார்கள் என்றும் நினைத்திருந்தேன்.

முதலில் தள்ளு. நான் அப்பாவின் சால்வைக்குள் ஒட்டிக்கொண்டு நின்றேன். தகடு மண்ணை உரசிக்கொண்டு மேட்டில் ஏறியது. பாதி தூரத்தில் எஞ்சின் அணைந்தது. ஃபிட்டர் மறுபடி கிளப்பினார். அதே இடத்தில் மறுபடி அணைந்தது. சத்தம் நின்றதும் அந்த மேட்டில் ஒரு குருவிகூடக் கத்தவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேட்டது.

"எண்ணெய் குளுருக்குக் கட்டிக்கிச்சு" என்றார் ஃபிட்டர். பிறகு தகட்டைக் குனிந்து பார்த்தார். ஒரு கல்லில் மோதி விளிம்பு மடங்கியிருந்தது. கல்லுள்ள நிலத்துக்கு இது ஆகாது என்று கழற்றிவிட்டார்.

மேட்டின் ஓரத்தில் எங்கள் ஆட்கள் நின்றார்கள். மற்ற நாளில் வண்டியைத் தொட்டுப் பார்க்கத் தள்ளுமுள்ளு நடக்கும். அன்று ஒருவரும் வேலியைத் தாண்டி வரவில்லை. வரச்சொல்லிச் சித்தப்பா கையசைத்தார். அவர்கள் அவரைப் பார்க்கவில்லை, தகடு உரசிய தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அள்ளு. பனி அதிகம். தொட்டி மண்ணுக்குள் விளிம்பை இறக்கி, முனகிக்கொண்டு மேலே வந்தது. மேல் மண் சிவப்பு, அதன் அடியில் வந்தது கறுப்பாக, ஈரமாக இருந்தது. அதைக் கொஞ்சம் தள்ளிக் கொட்டினார்கள். மறுபடி இறங்கி, வாரி, தலைக்கு மேல் தூக்கியதும் கைகள் அப்படியே நின்றுவிட்டன. நெம்புகோலை எந்தப் பக்கம் இழுத்தாலும் இறங்கவில்லை. மண் நிறைந்த தொட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டி நின்றது. தொட்டியின் ஓரத்திலிருந்து மண் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டிருந்தது.

பெரியவர்கள் எல்லோரும் மேலே பார்த்தபோது நான் கீழே பார்த்தேன். முதலில் கொட்டிய மண்ணில் கவிழ்ந்த சட்டியின் ஓடு ஒன்று. அதன் பக்கத்தில் ஒரு சின்னப் பித்தளைக் காப்பு, பச்சை பூத்திருந்தது. எடுத்துக் கையில் போட்டேன். எனக்கென்றே அளவெடுத்ததுபோல உள்ளே போனது. மண்ணுக்குள் கிடந்தது சில்லென்றுதானே இருக்க வேண்டும். அது யாரோ இப்போதுதான் கழற்றிக் கொடுத்ததுபோல வெதுவெதுப்பாக இருந்ததாக இன்றைக்கும் என் மணிக்கட்டு சொல்கிறது. குளிரில் விறைத்த கைக்கு எதுவும் அப்படித் தோன்றும் என்று என் கணவர் சொல்வார்.

ஆண்கள் வண்டியை விட்டுவிட்டுச் சாப்பிடுவதற்காக ஏரிக்கரையில் ஏறிப் போனார்கள். நான் பின்னால் ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். வண்டியருகில் யாரும் இல்லை. இரும்புக் கைகள் தாமாக இறங்கிக்கொண்டிருந்தன. தூங்கும் குழந்தையைப் பாயில் கிடத்துகிறவர்களைப்போல அவ்வளவு மெதுவாக இறங்கி, தொட்டியைத் தரையில் வைத்தன. ஃபிட்டரும் பார்த்துவிட்டார். உள்ளே எண்ணெய் கசிந்தால் அப்படித்தான் இறங்கும் என்று அப்பாவிடம் விளக்கினார். சாப்பிட்ட பிறகு அவர் மேட்டுக்குத் திரும்பிப் போகவில்லை, தலை வலிக்கிறது என்று களத்திலேயே படுத்துக்கொண்டார்.

காப்பைக் கழற்றப் பார்த்தேன், வரவில்லை. அம்மாவிடம் அடி விழும் என்று மாட்டுக்கொட்டகைக்குப் போனேன். அங்கே மாதம்மா சாணி வழித்துக்கொண்டிருந்தாள். தினமும் விடிந்ததும் வந்து கொட்டகையைச் சுத்தம் செய்வாள். ஆறு வயதான நான் அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். என் அம்மாவைவிட மூத்தவள், அவள் என்னைப் பாப்பா என்பாள்.

கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன். அவள் எட்டிப் பார்த்தாள். சாணிக் கையோடு அப்படியே நிமிர்ந்தாள்.

"முனிம்மா" என்றாள். "குளுரலையா உனக்கு?"

அழவில்லை, பதறவில்லை. சாப்பிட வரச்சொல்லுகிற குரல். என்னைத்தான் பார்த்துச் சொன்னாள், ஆனால் நான் அங்கே இல்லாததுபோல இருந்தது. என் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். காளை ஒன்று அசைபோட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"நான் பாப்பா" என்றேன்.

மாதம்மா கையிலிருந்த சாணியைக் கூடையில் உதறினாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். மாட்டுக்குத் தடவும் விளக்கெண்ணெயை என் மணிக்கட்டில் பூசி, விரலை ஒவ்வொன்றாக மடக்கி, வலிக்காமல் காப்பைக் கழற்றினாள். முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பாப்பா, உங்க அப்பாகிட்ட அள்ளு வாணாம்னு சொல்றியா? முள்ளு எடுத்துக்கச் சொல்லு."

"ஏன்?"

"முள்ளுன்னா கல்லு மட்டுந்தான் வரும். மண்ணு சந்துல உழுந்துரும். மண்ணு இருக்கற எடத்துலயே இருக்கும்."

"நீயே சொல்லேன்."

"நான் சொன்னா ஆவாது. நீ சொல்லு."

அப்பாவிடம் காரியம் சாதிக்க வேறு யாராலும் முடியாது, என்னால்தான் முடியும் என்று ஒருத்தி நம்பியது எனக்குப் பெருமையாக இருந்தது. பொழுது சாய்வதற்குள் அப்பா களி சாப்பிட உட்கார்ந்தார். பக்கத்தில் போய், முள்ளுதான் நல்லது, முள்ளுதான் நல்லது என்றேன். சித்தப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

"பாத்தீங்களாண்ணா, பாப்பாவுக்குக்கூடத் தெரியுது."

அப்பாவும் சிரித்தார். "யாரு சொல்லிக் குடுத்தது? உங்க சித்தப்பனா?"

"மாதம்மா. மண்ணு இருக்கற எடத்துலயே இருக்கணுமாம்."

களிக்குள் இருந்த அப்பாவின் கை நின்றது. சித்தப்பா தன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். சமையற்கட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். அப்பா சாப்பிடும்போது குறுக்கே பேசாதவள் அவள்.

"அவ பொண்ண எங்க பொதச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

"பட்டா நம்ம பேர்ல இருக்குது" என்றார் அப்பா.

வேர்க்கடலையைப் புதைத்தால் முளைத்து வரும் என்பது எனக்குத் தெரியும். ஒரு பெண்ணைப் புதைத்தால் அவள் எப்போது வருவாள் என்று கேட்க நினைத்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கேட்காமல் விட்டேன்.

அந்த மேடு மாதம்மாவின் தெருக்காரர்களுடைய இடுகாடு. வாந்திபேதி வந்த வருஷம் அந்தத் தெருவில் செத்த பிள்ளைகளையெல்லாம் அங்கேதான் வரிசையாகப் புதைத்து, ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு கல் நட்டிருந்தார்கள். காகிதத்தில் அது எப்படி எங்கள் நிலமானது என்று அம்மாவுக்குத் தெரியாது. இவ்வளவையும் அவள் எனக்குச் சொன்னது எனக்குக் கல்யாணமாகி முதல் குழந்தை பிறந்த பிறகு.

அடுத்த நாள் முள்ளை மாட்டினார்கள். நாங்கள் போனபோது பனி இன்னும் விலகவில்லை. கற்களுக்கு நடுவே வழக்கம்போல யாரோ உட்கார்ந்திருப்பதுபோலத் தெரிந்தது. கிட்டே போனபோது அன்று நிஜமாகவே உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் தெருவின் பெண்கள், ஆண்கள், கைக்குழந்தைகள்கூட. ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் ஒருவரோ இருவரோ. இருமல் சத்தம்கூட இல்லை. அன்று எஞ்சின் அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

"என்ன வேணும் உங்களுக்கு?" என்று அப்பா கேட்டார். குரல் உடைந்து வந்தது. அப்பா பயந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

ஒருவரும் கல்லைவிட்டு நகரவில்லை. அப்பா வெகுநேரம் நின்றார். பிறகு ஃபிட்டரிடம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"முள்ளையே வெச்சுக்கறோம். அள்ளு வாணாம். எடுத்துட்டுப் போயிருங்க. மண்ணுல கை வெக்கல."

உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொருவராக எழுந்து பனிக்குள் போனார்கள். மாதம்மா கடைசியாக எழுந்தாள். கல்லின் தலையை ஒருமுறை தடவிவிட்டு, என்னைக் கடந்து போகும்போது என் தலையையும் அதே மாதிரித் தடவினாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்பா சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். மண்ணில் கை வைக்கவில்லை. அவர்கள் போன பிறகு, அன்று மத்தியானமே, முள்ளு கற்களை மட்டும் ஒவ்வொன்றாகக் குத்தித் தூக்கியது. பல்லுக்கு நடுவே மண் பொலபொலவென்று அதே குழியில் விழுந்தது. சின்ன வண்டிக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது என்று சித்தப்பா பார்ப்பவரிடமெல்லாம் சொன்னார். சூளகிரிப் பக்கமிருந்துகூட ஆட்கள் வந்து யோசனை கேட்டுப் போனார்கள். மேடு வழுக்கையாகிவிட்டது. அதில் எதையும் விதைக்கவில்லை. ஆனால் பனி நாளில் அங்கே பார்த்தால் பனி மட்டும்தான் தெரிந்தது.

கற்கள் வீணாகவில்லை. நல்ல தட்டையான கற்கள். மாட்டுக்கொட்டகையில் மழைக்குச் சேறாகிறது என்று தரை முழுக்க அவற்றைப் பாவிவிட்டார்கள்.

மாதம்மா வழக்கம்போல விடிந்ததும் வந்தாள், கொட்டகையைச் சுத்தம் செய்ய. பேச்சு மட்டும் குறைந்திருந்தது. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, கற்களுக்கு நடுவே விட்டிருந்த சந்து மண்ணில் மட்டும் பாதத்தைக் குறுக்கி வைத்து, வளைந்து வளைந்து நடப்பாள். ஒரு கல்லின் மேல்கூட அவள் கால் படாது. எனக்காக அவள் புதிதாக ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்திருக்கிறாள் என்று நினைத்தேன். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே தாண்டித் தாண்டிப் போவேன். கல்லை மிதித்தால் அவுட் என்று நானே ஒரு விதியும் வைத்துக்கொண்டேன். தினமும் நான்தான் தோற்றேன். எப்படி நீ மட்டும் ஒரு தடவைகூட மிதிக்க மாட்டேன்கிறாய் என்று சிரித்துக்கொண்டே கேட்பேன். அவள் கூடையை இறக்காமல், நான் எந்தக் கல்லின் மேல் நிற்கிறேன் என்று மட்டும் குனிந்து பார்ப்பாள்.